சிரித்தவள் எப்போது அழத் தொடங்கினாள்? பாகிஸ்தான் தொடர்களில் காதலும் பெண்ணும்

பாகிஸ்தான் தொடர்களை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு இரண்டாவது நாளே ஒரு சந்தேகம் வரும். நாயகனும் நாயகியும் ஒருவர் கையை ஒருவர் பிடிப்பதுகூட அபூர்வம். பாதிக் கதைவரை இருவருக்கும் ஆகவே ஆகாது. நடுவில் ஒரு அறை விழுகிறது, ஒரு பழி விழுகிறது, அவள் வாரக்கணக்கில் அழுகிறாள். அப்படியிருந்தும் எல்லோரும் இதைக் காதல் கதை என்கிறார்கள். யூடியூபில் கோடிக்கணக்கில் பார்க்கிறார்கள். இதில் காதல் எங்கே இருக்கிறது?

எனக்கும் வந்த சந்தேகம்தான். தோழி ஒருத்தி சொல்லிப் பார்க்க ஆரம்பித்து, சில வருடங்களில் பழசும் புதுசுமாக நிறையப் பார்த்துவிட்டேன். அந்தத் தொடர்களுக்குள் காதல் எந்த விதிகளின்படி நடக்கிறது, அதில் பெண்ணுக்குக் கிடைக்கும் இடம் என்ன, அந்த இடம் எப்படி மாறியது என்பதைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. நம்மூர் சீரியல் மாதிரி ஆயிரம் எபிசோடு ஓடுகிற வழக்கம் அங்கே இல்லை. இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வரும் பெரிய தொடர்கள் பெரும்பாலும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வரும். இருபத்தைந்து, முப்பது, கொஞ்சம் நீண்டால் ஐம்பது பகுதிகளில் கதை முடிந்துவிடும். அவர்கள் இவற்றை 'டிராமா' என்றே சொல்கிறார்கள். கதைக்கு முடிவு உண்டு என்பதால் எழுத்தாளருக்கு மதிப்பு அதிகம். நாடகத்தின் பெயரோடு எழுத்தாளர் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பேசுகிற பார்வையாளர்கள் அங்கே நிறைய.

அடுத்து, காதில் அடிக்கடி விழப்போகும் சில வார்த்தைகள். 'ரிஷ்தா' என்றால் சம்பந்தம், வரன். 'இஸ்ஸத்' என்றால் மானம், குடும்ப கௌரவம். அது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தலையில்தான் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். 'லோக் க்யா கஹேங்கே' என்பது அப்படியே நம் 'நாலு பேர் என்ன சொல்வாங்க'. 'நிக்காஹ்' உங்களுக்குத் தெரியும். கடைசியாக 'சப்ர்'. தமிழ் முஸ்லிம் வீடுகளில் 'சபூர் செய்' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதே அரபுச் சொல்தான்: பொறுமை, சகிப்பு. பாகிஸ்தான் தொடர்களில் நாயகியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல் போதும் என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றும்.

சரி, கதைக்குள் போகலாம். தொலைக்காட்சி குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பது என்பது அங்கே எழுதாத சட்டம். கல்யாணத்துக்கு முன் ஆணும் பெண்ணும் நெருங்குவதைக் காட்டினால் வீட்டிலும் முகம் சுளிப்பார்கள், ஒழுங்குமுறை ஆணையமும் நோட்டீஸ் அனுப்பும். அப்படியென்றால் காதலை எங்கே வைப்பது? எழுத்தாளர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது: முதலில் நிக்காஹ், அப்புறம் காதல். கதையின் தொடக்கத்திலேயே ஏதாவது ஒரு நெருக்கடி வரும். தாய்க்கு உடம்பு முடியவில்லை, தந்தை கொடுத்த வாக்கு, மணமேடையிலிருந்து ஓடிப்போன மாப்பிள்ளை. ஒருவரையொருவர் தெரியாத, அல்லது பிடிக்காத இருவருக்கு அவசரமாக நிக்காஹ் ஆகிவிடும். இனி அவர்கள் ஒரே அறையில் இருக்கலாம். முறைத்துக்கொள்ளலாம், சண்டை போடலாம், மெல்ல மெல்ல மனம் மாறலாம். நம்மூரில் கல்யாணத்தோடு கதை முடியும். அங்கே பெரும்பாலும் கல்யாணத்தில்தான் கதை தொடங்குகிறது.

2011 செப்டம்பரில் ஹம் டிவியில் தொடங்கிய 'ஹம்சஃபர்' இந்த அச்சுக்குச் சிறந்த உதாரணம். ஃபர்ஹத் இஷ்தியாக் எழுதியது, சர்மத் கூசட் இயக்கியது. ஃபவாத் கானும் மாஹிரா கானும் ஒரே தொடரில் நட்சத்திரங்கள் ஆனார்கள். தாயை இழக்கும் கிரத், கராச்சியில் இருக்கும் பணக்கார மாமாவின் மகன் அஷருக்கு அவசரமாக மணமுடிக்கப்படுகிறாள். கொஞ்சம் கொஞ்சமாக அன்பு வருகிறது. அது மாமியார் ஃபரீதாவுக்குப் பொறுக்கவில்லை. கிரத்தின் நடத்தைமேல் பழி விழுகிற மாதிரி ஏற்பாடு செய்கிறாள். கணவன் மனைவியின் பேச்சைக் கேட்காமலே நம்பிவிடுகிறான். கர்ப்பிணியாக வெளியேற்றப்பட்டவள், சில வருடம் கழித்து, இதய நோயுள்ள மகளின் சிகிச்சைக்காகத் திரும்பி அவன் முன்னால் வந்து நிற்கிறாள்.

23 பகுதிகள். அதில் இருவரும் மகிழ்ச்சியாக இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் மிகக் குறைவு. பிறகு ஏன் இத்தனை லட்சம் பெண்கள் இதைக் காதல் கதை என்று கொண்டாடினார்கள்?

என் பதில் இது: இந்தத் தொடர்களின் உச்சக் காதல் காட்சி மன்னிப்புக் கேட்கும் காட்சி. முத்தமும் கிடையாது, அணைப்பும் கிடையாது. உண்மை தெரிந்த கணவன் கண் கலங்கி, 'தப்பு என்னுடையது' என்று சொல்லும் அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் பார்வையாளர்கள் நான்கு மாதம் காத்திருக்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் மாமியார் சொல்லுக்கும் நாத்தனார் பார்வைக்கும் நடுவே பத்து, இருபது வருடம் ஓட்டிய ஒரு பெண்ணுக்கு, 'உன்மேல் தப்பில்லை, நான்தான் தப்பு செய்தேன்' என்று யாராவது வாயைத் திறந்து சொல்லியிருப்பார்களா? வாழ்க்கையில் கிடைக்காத அந்த ஒரு வாக்கியம் திரையில் கிடைக்கிறது. இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அந்த ஏக்கம் உண்மையானது.

ஆனால் கணக்கைக் கவனியுங்கள். மன்னிப்பு பெரிதாக இருக்க வேண்டுமென்றால் அதற்கு முன் அநியாயம் பெரிதாக இருக்க வேண்டும். அடுத்த தொடர் இதைவிட உருக்கமாக வர வேண்டுமானால் அடுத்த நாயகி இதைவிட அதிகம் தாங்க வேண்டும். அவளுடைய சப்ர்தான் முதலீடு. அவனுடைய கண்ணீர் கடைசியில் வரும் வட்டி. எதிர்த்துப் பேசினால், வழக்குப் போட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டால் அந்த மன்னிப்புக் காட்சிக்கே வழியில்லை. அதனால் கதை அவளைப் பேசவிடாது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் தீர்ந்துவிடும் குழப்பத்தில்கூட அவள் வாய் திறக்காமல் நிற்பதைப் பார்த்து நாம் திரைக்கு முன்னால் கத்துவோம். வாய் திறந்தால் தொடரே முடிந்துவிடும் என்பதுதான் காரணம்.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததே இந்த 'இல்லை'யைக் கண்டுபிடித்த பிறகுதான்.

பாகிஸ்தானில் தொலைக்காட்சி 1964 நவம்பரில் லாகூரில் தொடங்கியது. அரசின் பிடிவிதான் நெடுங்காலம் ஒரே சேனல். அந்தக் காலத்தில் ஹசீனா மொயின் என்று ஒருவர் எழுதினார். 1941இல் கான்பூரில் பிறந்தவர், பிரிவினைக்குப் பின் குடும்பத்தோடு பாகிஸ்தான் போனவர், 2021 மார்ச்சில் கராச்சியில் காலமானார். அவர் எழுதிய பெண்கள் ஓயாமல் பேசுவார்கள். 1982இல் வந்த 'அன்கஹீ'யில் சனா முராத் என்று ஒரு பெண். ஷெஹனாஸ் ஷேக் நடித்த பாத்திரம். குடும்பக் கஷ்டத்துக்காக வேலைக்குப் போக வேண்டியவள். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுவாள், தப்புத் தப்பாகச் செய்வாள், முதலாளியையே திணறடிப்பாள். ஆனால் அந்த நாடகம் ஒருமுறைகூட அவளைத் தண்டிப்பதில்லை.

சில வருடம் கழித்து வந்த 'தன்ஹாயியான்' இரண்டு சகோதரிகளின் கதை. பெற்றோர் விபத்தில் இறந்துவிடுகிறார்கள், வீடு கடனில் போய்விடுகிறது. மூத்தவள் ஜாரா, அந்த வீட்டைத் திரும்ப வாங்கியே தீருவது என்று வெறியோடு உழைக்கிறாள். அவளுக்கும் காதல் உண்டு, ஆனால் கதையின் முதுகெலும்பு அந்த வீடு. ஒரு பெண்ணின் லட்சியம் கல்யாணத்தைத் தவிர வேறொன்றாக இருக்கலாம் என்று நாடகம் விளக்கம் சொல்வதில்லை. இயல்பாக எடுத்துக்கொண்டு போகிறது.

1987இல் 'தூப் கினாரே'. இயக்கியவரும் ஒரு பெண்தான், சாஹிரா காஸ்மி. கராச்சி மருத்துவமனையில் வேலை பார்க்கும் டாக்டர் ஜோயா, அவளுக்கு மூத்த மருத்துவர் அஹ்மர் அன்சாரி. அவர் சிரிக்காத ஆள். அவள் சிரிப்பை நிறுத்தாத ஆள். மரீனா கானும் ராஹத் காஸ்மியும் நடித்தார்கள். காதல் வளர்வது முழுக்கப் பேச்சில்தான்: அவர் கண்டிப்பார், அவள் முணுமுணுப்பாள், அவருக்கே தெரியாமல் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப்பார்க்கும். அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. ஜோயா வேலைக்குப் போவது அந்தக் கதையில் ஒரு பிரச்சினையே இல்லை. அவள் டாக்டர், அதனால் மருத்துவமனைக்குப் போகிறாள். இந்த நாடகத்தை 2011இல் இந்தியாவில் இந்தியில் மறுபடி எடுத்தார்கள். இருபத்து நான்கு வருடம் கழித்தும் அதில் உயிர் இருந்தது.

இப்போது அந்த வருடங்களை இன்னொரு முறை பாருங்கள். 1982, 1987. அது ஜெனரல் ஜியா உல் ஹக்கின் காலம். 1977இல் ஆட்சியைப் பிடித்தவர், 1979இல் ஹுதூத் என்ற இஸ்லாமியத் தண்டனைச் சட்டங்களைக் கொண்டுவந்தார். அந்தச் சட்டத்தின் கீழ், வல்லுறவை நிரூபிக்க முடியாமல் போன பெண்ணின்மேலேயே கள்ள உறவு என்று வழக்குப் போட முடிந்தது. தொலைக்காட்சியில் தோன்றும் பெண்கள் துப்பட்டாவால் தலையை மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. புகழ்பெற்ற தொகுப்பாளினி மெஹ்தாப் சன்னா அதை ஏற்க மறுத்துத் திரையை விட்டே விலகினார். 1983 பிப்ரவரி 12 அன்று, சாட்சியச் சட்டத்தில் பெண்ணின் சாட்சியத்தைக் குறைத்து மதிப்பிடும் திட்டத்தை எதிர்த்து லாகூரில் ஊர்வலம் போன பெண்கள்மேல் போலீஸ் தடியடி நடத்தியது. அந்த நாளைத்தான் இன்றும் பாகிஸ்தானில் தேசிய மகளிர் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

அத்தனை இறுக்கமான காலத்தில், அரசின் சொந்தச் சேனலில், துப்பட்டா போட்டுக்கொண்டே ஜோயா சிரித்தாள். அப்படியானால் இன்றைய நாயகியின் அழுகைக்கு 'மதம்', 'கலாசாரம்', 'அந்த ஊர் அப்படி' என்று காரணம் சொல்வது பொருந்தாது. அதே மதம், அதே ஊர், இன்னும் கடுமையான சட்டம். ஆனால் வேறு பெண். துப்பட்டாவின் நீளத்தை அரசு அளந்தது. அவளுடைய வாயை ஹசீனா மொயின் பார்த்துக்கொண்டார்.

பிறகு என்ன ஆயிற்று?

2002இல் முஷாரஃப் ஆட்சியில் ஊடக ஒழுங்குமுறை ஆணையம், அதாவது பெம்ரா, அமைக்கப்பட்டது. தனியார் சேனல்கள் பெருகின. ஜியோ, ஏஆர்ஒய், 2005இல் ஹம் டிவி. ஹம் டிவியைத் தொடங்கியவர் சுல்தானா சித்தீக்கி, பிடிவியில் நாடகங்கள் இயக்கிய பெண். சுதந்திரம் கூடியது, பணம் கூடியது, வாய்ப்புகள் கூடின. கூடவே நாயகியின் அழுகையும் கூடியது. இதற்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. மூன்று ஓடைகள் ஒன்று சேர்ந்தன என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஒன்று, இந்தியாவின் மாமியார் மருமகள் சீரியல்கள். 2000களின் தொடக்கத்தில் கேபிள் வழியாக அவை பாகிஸ்தான் வீடுகளில் சக்கைப்போடு போட்டன. பார்வையாளர்களைத் திரும்ப இழுக்க வேண்டிய கட்டாயம் உள்ளூர் சேனல்களுக்கு. இரண்டு, விளம்பரம். சமையல் எண்ணெய், டீத்தூள், சோப்பு விற்கிறவர்களுக்கு வீட்டில் இருக்கும் பெண்ணின் கவனம் வேண்டும்; அவள் எதைப் பார்த்து அழுகிறாளோ அது ரேட்டிங்.

மூன்றாவதுதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது: டைஜஸ்ட்கள். 'கவாத்தீன் டைஜஸ்ட்', 'ஷுஆ', 'கிரண்' என்று உருதுவில் பெண்களுக்கான மாத இதழ்கள் உண்டு. மலிவான காகிதம், அட்டையில் அலங்கரித்த ஒரு பெண் முகம், உள்ளே தொடர்கதைகள், குறுநாவல்கள். நம்மூரில் மாத நாவல்களைத் தலையணைக்கடியில் வைத்துப் படித்த தலைமுறைக்கு இது சட்டென்று புரியும். எழுதுகிறவர்கள் பெண்கள், படிக்கிறவர்கள் பெண்கள். இலக்கியவாதிகள் இவற்றை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. ஆனால் வெளியே தனியாகப் போக முடியாத பெண்களுக்கு இவைதான் வாசல். ஃபர்ஹத் இஷ்தியாக், உமேரா அஹ்மத் இருவருமே இந்த டைஜஸ்ட் உலகத்திலிருந்து தொலைக்காட்சிக்கு வந்தவர்கள். அவர்களோடு டைஜஸ்டின் காதலும் வந்தது: கடுமையான, பேசாத, பணக்கார ஆண், ஏழையான, மானமுள்ள, பொறுமையான பெண், கடைசியில் அவன் மனம் இளகும் இடம். பெண்களே எழுதிப் பெண்களே படித்த கதை என்பதால் அதில் பெண்ணின் வலி துல்லியமாக இருந்தது. அதைத் தீர்க்கும் வழி மட்டும் ஆணின் மனமாற்றத்தையே நம்பி நின்றது.

இந்த உலகத்தில் நல்ல பெண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம். உடையைப் பாருங்கள். சல்வார் கமீஸ், தலையிலோ தோளிலோ துப்பட்டா, நீண்ட கூந்தல், சமையல் தெரியும், உருது மட்டும் பேசுவாள் என்றால் நாயகி. குட்டை முடி, ஜீன்ஸ், கையில்லாத சட்டை, வாக்கியத்துக்கு வாக்கியம் ஆங்கிலம் என்றால் அவளால் ஏதோ கெடப்போகிறது. 'ஹம்சஃப'ரில் அஷரை விரும்பும் சாராவை முதல் பகுதியிலேயே இப்படி அடையாளம் கண்டுவிடலாம்.

2012இல் தொடங்கிய 'ஜிந்தகி குல்ஜார் ஹை' என்னை இன்றும் இரண்டு மனமாக வைத்திருக்கும் தொடர். உமேரா அஹ்மத் எழுதி, சுல்தானா சித்தீக்கியே இயக்கியது. 2014இல் இந்தியாவில் 'ஜிந்தகி' சேனல் தொடங்கியபோது முதலில் வந்த தொடர்களில் இதுவும் ஒன்று. பலருக்கு இதுவே பாகிஸ்தான் நாடகங்களின் அறிமுகம். ஆண் பிள்ளை இல்லை என்பதற்காக இன்னொரு கல்யாணம் செய்துகொண்ட அப்பா. மூன்று மகள்களை உழைத்துப் படிக்கவைக்கும் அம்மா ராஃபியா. மூத்தவள் கஷஃப் படித்து, தேர்வெழுதி, அரசு அதிகாரி ஆகிறாள். கோபக்காரி, யாருக்கும் வளையாதவள், ஆண்களை நம்பாதவள். சனம் சயீத் அந்தக் கோபத்தைக் கண்ணிலேயே வைத்து நடித்தார். ராஃபியா இருட்டில் உட்கார்ந்து மகள்களிடம் பேசும் காட்சிகளுக்காகவே இந்தத் தொடரைப் பார்க்கலாம்.

ஆனால் அதே தொடரில் நாயகன் ஜாரூனுக்கு நிச்சயமான அஸ்மாராவையும் பாருங்கள். அவளுடைய உடை அவனுக்குப் பிடிக்கவில்லை, அவள் நண்பர்களோடு வெளியே போவது பிடிக்கவில்லை. அவள் கேட்பது நியாயமான கேள்வி: நீ போகலாம், நான் போகக்கூடாதா? கதை அவளுக்குப் பதில் சொல்வதில்லை. அவளை வெளியே அனுப்பிவிடுகிறது. ஜாரூனின் அம்மா வேலைக்குப் போகிறவர், அதனால் வீட்டைக் கவனிக்காதவர் என்று காட்டப்படுகிறார். ஏழைப் பெண் வேலைக்குப் போனால் தியாகம், பணக்காரப் பெண் வேலைக்குப் போனால் அகம்பாவம் என்று ஆகிவிடுகிறது. கஷஃபைக் கொண்டாடிய அதே கை, பக்கத்திலிருந்த இரண்டு பெண்களைத் தள்ளிவிட்டதை நான் இரண்டாவது முறை பார்த்தபோதுதான் கவனித்தேன்.

இந்தப் பிரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2019இல் ஏஆர்ஒய்யில் வந்த 'மேரே பாஸ் தும் ஹோ' போதும். கலீலுர் ரஹ்மான் கமர் எழுதியது. நடுத்தர வர்க்கத்து தானிஷ், அவன் மனைவி மெஹ்விஷ். வசதிக்கு ஆசைப்பட்டு அவள் வேலைக்குப் போகிறாள். பணக்கார முதலாளியோடு உறவாகி, கணவனையும் மகனையும் விட்டுப் போகிறாள். அந்த முதலாளியிடம் தானிஷ் அவளை 'இரண்டு காசுப் பெண்' என்று சொல்லும் வசனம் நாடு முழுக்கப் பரவியது. 2020 ஜனவரி 25 அன்று கடைசிப் பகுதியைத் திரையரங்குகளிலும் போட்டார்கள், அவ்வளவு கூட்டம். முதலாளிக்கும் மனைவி உண்டு, துரோகத்தில் அவனுக்கும் பாதிப் பங்கு உண்டு. ஊர் மனதில் தங்கியது மெஹ்விஷுக்குக் குறித்த விலை மட்டும்தான்.

இனிச் சொல்லப்போவது பார்க்க எனக்கே கஷ்டமான பகுதி. 'முதலில் நிக்காஹ், அப்புறம் காதல்' என்ற வழி, தணிக்கைக்குத் தப்பிக்கக் கண்டுபிடித்த வழி என்றேன் அல்லவா? அந்த நிக்காஹ் எப்படி நடந்தாலும் பரவாயில்லை என்று ஆனபோது அது வேறு எங்கோ போய் நின்றது. 2020இல் வந்த 'முகத்தர்' தொடரில் செல்வாக்கும் பணமும் உள்ள, வயதில் மூத்த ஒருவர், வானொலியில் வேலை பார்க்கும் இளம்பெண்ணைக் கடத்தி வந்து கட்டாய நிக்காஹ் செய்துகொள்கிறார். போகப்போக அதுவே காதல் கதை. அதற்கு முன்பு வந்த 'கானி'யில் பெண்ணின் சகோதரனைக் கொன்றவனே அவள்மேல் பித்தாகிறான். அவள் வெறுக்கிறாள்தான், ஆனால் உருக்கமான பாட்டும் கேமராவின் இரக்கமும் அவன் பக்கம். கடத்தல் குற்றம். கட்டாயக் கல்யாணத்தைத் தடுக்க 2011இல் பாகிஸ்தான் நாடாளுமன்றமே சட்டம் போட்டிருக்கிறது. திரையில் மூன்று முறை 'கபூல் ஹை', அதாவது 'சம்மதம்', என்று சொன்னதும் குற்றம் கழுவப்பட்டுவிடுகிறது.

2022 டிசம்பரில் தொடங்கிய 'தேரே பின்' இந்த அச்சின் எல்லையைத் தொட்டது. மீரப்பாக யும்னா ஜைதி, முர்தஸிமாக வஹாஜ் அலி. அவளுக்கு இஷ்டமில்லாத கல்யாணம். என் அனுமதி இல்லாமல் என்னை நெருங்கக்கூடாது என்று அவனிடம் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறாள். வெகுஜனத் தொடரில் ஒரு பெண் சம்மதத்தைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசியது நல்ல விஷயம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2023 மே மாதம் ஒரு பகுதியில் இருவருக்கும் பெரிய சண்டை. அவள் அவனை அறைகிறாள். அவன் கதவைச் சாத்துகிறான். நடந்தது வல்லுறவு என்றே பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள். கடும் எதிர்ப்பு கிளம்பியது. அடுத்துவந்த பகுதியில், அது அப்படி இல்லை என்று பாத்திரங்களின் வாய்வழியாகவே சொல்லவைத்தார்கள். தொடர் முடியும்வரை புகழ் குறையவில்லை. எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் பலர் அந்தத் தொடரின் தீவிர ரசிகைகள் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பெண்கள் எதைக் கொடுத்தாலும் பார்ப்பார்கள் என்ற கணக்கு அந்த ஒரு வாரம் தப்பியது.

ஒழுங்குமுறை ஆணையம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 2021 அக்டோபரில் பெம்ரா எல்லா சேனல்களுக்கும் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. அணைத்துக்கொள்ளும் காட்சிகள், படுக்கைக் காட்சிகள், கணவன் மனைவிக்கிடையே நெருக்கம் காட்டுவது, பொருத்தமில்லாத உடை, இவை நம் பண்பாட்டுக்குப் பொருந்தாது, நிறுத்துங்கள் என்று. அப்போதே அங்குள்ள பெண்கள் கேட்டார்கள்: கணவன் மனைவியை அணைப்பது பண்பாடு இல்லை, அறைவது மட்டும் பண்பாடா? வாராவாரம் வரும் அறையைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஏன் ஒரு வரியும் இல்லை?

திரைக்கு வெளியே அந்தப் பெண்கள் சும்மா இல்லை. 2018 மார்ச் 8 அன்று கராச்சியில் முதல் ஔரத் மார்ச், அதாவது பெண்கள் பேரணி, நடந்தது. 'சாப்பாட்டை நீயே சூடாக்கிக்கொள்' என்று ஒரு பெண் பிடித்திருந்த அட்டை நாட்டையே கொதிக்க வைத்தது. நாடகங்களில் இரவு தாமதமாக வரும் கணவனுக்காக விழித்திருந்து ரொட்டி சுட்டுத் தரும் மனைவியைப் பல வருடம் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய அத்துமீறலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'என் உடல், என் விருப்பம்' என்ற இன்னொரு முழக்கத்துக்கு வந்த எதிர்ப்பு அதைவிடக் கடுமை.

தொடர்களிலும் மாற்றி எழுதியவர்கள் உண்டு, அவர்களைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 2016இல் 'உடாரி' குழந்தைகள்மீதான பாலியல் வன்முறையைப் பேசியது. எழுதியவர் 'ஹம்சஃபர்' எழுதிய அதே ஃபர்ஹத் இஷ்தியாக். பெம்ரா நோட்டீஸ் அனுப்பியது, நாடகம் நிற்கவில்லை. சமூக ஊடகத்தில் புகழ்பெற்று 2016இல் சொந்தச் சகோதரனால் கொல்லப்பட்ட கந்தீல் பலூச்சின் வாழ்க்கையை அடுத்த வருடமே 'பாகி' என்று எடுத்தார்கள், சபா கமர் நடித்தார். 2023இல் 'காபுலி புலாவ்' வந்தது. வயது கூடிய ஹாஜி முஷ்தாக், சூழ்நிலையால் பர்பீனா என்ற ஆப்கான் அகதிப் பெண்ணை நிக்காஹ் செய்து வீட்டுக்கு அழைத்து வருகிறார். அதே 'முதலில் நிக்காஹ்' அச்சுதான். ஆனால் அவர் எந்த உரிமையும் கொண்டாடுவதில்லை, காத்திருக்கிறார். இங்கே சப்ர் ஆணின் வேலையாகிறது. அச்சை உடைக்காமலே உள்ளே இருப்பதை மாற்றிவிட முடியும் என்று அதைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் எதில் தொடங்குவது என்று கேட்டால், நான் 'தூப் கினாரே'யையும் 'ஹம்சஃப'ரையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்வேன். இரண்டிலும் அவன் அதிகம் பேசாதவன்தான். அவள் எவ்வளவு பேசுகிறாள் என்று மட்டும் எண்ணிக்கொண்டு வாருங்கள். அதன் பிறகு 2023இல் வந்த 'குச் அன்கஹீ' பாருங்கள். சஜல் அலி நடித்த ஆலியா, வீடு வாங்கி விற்கும் தொழிலில் ஓடிக்கொண்டிருக்கும் பெண். பெயரைப் போலவே, ஹசீனா மொயினின் சனா எங்கோ பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி ஒரு கலகலப்பு.

அந்தத் தொடரில் நிக்காஹ்நாமா, அதாவது திருமண ஒப்பந்தப் படிவம், பற்றி ஒரு காட்சி வருகிறது. பாகிஸ்தான் நாடகங்களில் நிக்காஹ் காட்சி நூறு பார்த்திருப்போம்: குனிந்த தலை, சிவப்புத் துப்பட்டா, நடுங்கும் குரலில் மூன்று 'கபூல் ஹை', கையெழுத்துப் போடும்போது காகிதத்தில் விழும் ஒரு சொட்டுக் கண்ணீர். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேமரா காட்டியதே இல்லை. 1961 குடும்பச் சட்டத்தோடு வந்த அந்தப் படிவத்தில் பதினெட்டாவது கட்டம் என்று ஒன்று இருக்கிறது. விவாகரத்து செய்யும் உரிமையைக் கணவன் மனைவிக்கும் கொடுக்கிறானா என்று கேட்கும் கட்டம். பல வீடுகளில் மணப்பெண்ணின் கைக்குக் காகிதம் வருவதற்கு முன்பே பெரியவர்களோ நிக்காஹ் நடத்துபவரோ அந்தக் கட்டத்தின்மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். 'நல்ல நாளும் அதுவுமா விவாகரத்துப் பேச்சு எதற்கு' என்பார்கள். 'குச் அன்கஹீ'யில் அந்தக் காகிதத்தை வெளியே எடுத்துப் பேசுகிறார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்காத, யாரும் அறைபடாத காட்சி. வெளியான அந்த வாரம் பெண்கள் அந்தக் காட்சியை வெட்டியெடுத்துத் தங்கள் தங்கைகளுக்கும் தோழிகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.